வெடியுப்புத் திராவகத்தில் அரை மணி

வயிற்றில் கட்டியோடு அக்கா பங்காருபாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு கூடை மாம்பழம். சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் அப்போது நர்ஸ். மறுநாள் ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் அக்காவின் வயிற்றுக்குள் போகிற கத்தரி பளபளக்க வேண்டாமா? எங்கள் சபைப் பெண்கள் நாங்கள் சனிக்கிழமைதோறும் சர்ச்சுப் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்ப்போம். அதற்கும் போகாத கறைக்கு ரயில்வே பட்டறையிலிருந்து வரும் இரும்புச் சுருள். அந்தச் சுருளால் எவர்சில்வர் கத்தரிகளையும் இடுக்கிகளையும் தேய் தேயென்று தேய்த்தேன். கொதிக்க வைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். காலையில் பிரித்தால் எல்லாவற்றிலும் பழுப்புப் பொட்டுகள். யுத்த காலம் அது. எங்களிடம் இருந்ததே அந்த ஒரு செட்டுதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துருவோடு வயிற்றைத் திறக்க மாட்டேன், கட்டியும் காத்திருக்காது, ஒரு நாள்தான் தள்ளிப்போட முடியும் என்று மட்டும் சொன்னார்.

கம்பவுண்டர் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் வெடியுப்புத் திராவகத்தை, அதாவது நைட்ரிக் ஆசிட்டை, கலந்தார். தட்டான்கள் பொன்னைச் சுத்தம் பண்ண வைத்திருப்பார்களே, அதேதான்.

"உன் சுருள்தான் அதுமேல ஒட்டிக்கினு துருப்பிடிச்சிருக்குது. ஆசிட் அந்த இரும்பைத் துன்னுடும், எவர்சில்வரத் தொடாது," என்றார்.

அரை மணி நேரம் ஊற வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜன்னல் வெயில் தொட்டிக்குள் இறங்கி இடுக்கிகளின் மேல் படுத்துக்கொண்டது. திராவக நெடியும் மாம்பழ வாசனையும் கலந்து தலை லேசாகச் சுற்றியது. கழுவிக் காற்றில் வைத்தால் எவர்சில்வர் தானாகவே கண்ணுக்குத் தெரியாத தோலைக் கட்டிக்கொள்ளும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அசையாத தண்ணீருக்கடியில் அக்காதான் கண்மூடிப் படுத்திருக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. பயந்துபோனேன்.

கழுவி உலர்த்தி, துரு திரும்ப வருகிறதா என்று பார்க்க மறுபடி ஈரத்துணியில் சுற்றிச் சாயங்காலம் பிரித்துப் பார்த்தோம். ஒரு பொட்டுகூட இல்லை.

அடுத்த நாள் மேஜையில் படுத்த அக்கா கத்தரிகள் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள். என் சுருள் போட்ட கீறல்களால் எல்லாமே மங்கலாகக் கிடந்தன.

"இன்னாடி இப்பிடி மங்கிப் போயிருக்குது? நல்லாத் தேய்ச்சிக்கினு வரக் கூடாதா?" என்றாள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பத்தாம் நாள் அதே கத்தரியால் நானே தையல் பிரித்தேன். புண் சீழ் வைக்காமல் ஆறியிருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.