தங்கையின் வழக்குக்காகப் பலெர்மோவில் ஏழு நாட்கள்

கடந்த ஒக்டோபரில் பலெர்மோவுக்குப் போய் ஒரு கிழமை இருந்தேன். சுற்றிப் பார்ப்பதற்காகப் போகவில்லை. என் தங்கை வதனிக்கு அங்கே ஒரு வழக்கு இருந்தது. அவள் கூப்பிட்டாள், போனேன். ஆனாலும் இந்தத் தளத்தை வாசிக்கிறவர்களில் சிசிலிக்குப் போக நினைப்பவர்களும், அங்கே உறவினர் இருப்பவர்களும் உண்டு என்பதால் போன வழியையும் நடந்ததையும் எழுதி வைக்கிறேன்.

வதனி பதின்மூன்று வருடங்களாகப் பலெர்மோவில் இருக்கிறாள். சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடும் வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவரின் வீட்டில் சமையலும் துப்புரவும் அவள் வேலை. போன வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து அல்பெர்கேரியா என்ற பழைய குடியிருப்பின் ஒழுங்கைகளில் நடந்து வந்துகொண்டிருந்தபோது, ஸ்கூட்டரில் வந்த ஒருவன் அவளுடைய கைப்பையை இழுத்தான். வார் கையில் சிக்கிக்கொண்டது. சில மீற்றர் தூரம் கல் வீதியில் இழுபட்டு, வலது மணிக்கட்டு உடைந்தது. பைக்குள் அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி அட்டையும் இருந்தது. பை போய்விட்டது. ஆனால் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறான். பின்னர் பொலிஸார் காட்டிய படங்களில் அவனை வதனி அடையாளம் காட்டினாள். வேறு சாட்சி இல்லை.

விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இரண்டாம் தடவை ஒரு தனியார் முகவர் நிறுவனம் தமிழுக்குப் பதிலாகச் சிங்களம் தெரிந்தவரை அனுப்பியிருந்தது.

"அக்கா, இந்தமுறையும் தள்ளிவைச்சினம் எண்டால் நான் இனி அங்கை போகமாட்டன். எத்தினை தரம் சிஞ்ஞோராட்டை லீவு கேக்கிறது?" என்றாள் தொலைபேசியில்.

என் தொழிலையும் சொல்லவேண்டும். நான் நியூ ஜேர்சியில் ஒரு கவுண்டி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குற்றவியல் நீதிக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி கொடுக்கும், மாநிலம் அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கொடுக்கும். அந்த நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதுதான் என் வேலை. பொலிஸ் பயிற்சி, போதை மறுவாழ்வு, இளம் குற்றவாளிகளுக்கான ஆலோசனை என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். நான் மிகவும் விரும்பி எழுதியது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கொடுக்கும் திட்டம். வசந்த காலத்தில் அதற்கான நிதி நின்றுபோனது. பதினாறு வருடம் இந்த வேலை செய்தும், பாதிக்கப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் நீதிமன்றத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. இது விமானத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நியூவார்க்கிலிருந்து ரோம், அங்கிருந்து பலெர்மோ ஒரு மணி பத்து நிமிடம். விமான நிலையம் நகரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. வாசலில் நின்ற டாக்சிக்காரர் ஐம்பது யூரோ கேட்டார். கீழ்த்தளத்தில் ரயில் இருக்கிறது, நான் போனபோது ஆறு யூரோ எண்பது சதம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. அங்கிருந்து வதனியின் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. சில்லு வைத்த பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள். என்னுடையதில் ஒரு சில்லு பல்லாரோ சந்தை வாசலிலேயே கழன்றுவிட்டது. மீன்காரர் ஒருவர் அதை எடுத்துத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வதனியின் அக்காவா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார். அந்தளவு மட்டும் எனக்கும் விளங்கியது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மேசைக்கு வதனி என்னை அழைத்துப் போனாள். வுச்சீரியா சந்தைக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். நடத்துவது ஒரு சிறிய சங்கம். பொறுப்பாளரான சிஞ்ஞோரா மார்த்தாவுக்கு ஆங்கிலம் வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்டேன், தொழிற்புத்தி. ரோமிலிருந்து பிராந்திய அரசுக்கு, அங்கிருந்து சங்கத்துக்கு என்றார். வருட முடிவில் நிதி முடிகிறது, புதுப்பிக்கும் விண்ணப்பம் அடுத்த திங்கட்கிழமைக்குள் போகவேண்டும் என்றார். எங்கள் கவுண்டியின் கதையேதான்.

அங்கேதான் சுகந்தியைச் சந்தித்தேன். கிளிநொச்சிக்காரர், யுத்தத்துக்குப் பிறகு வந்தவர். கட்டடங்களில் மாடிப்படிகள் கழுவும் வேலை, மற்ற நேரங்களில் மொழிபெயர்ப்பு. உதவி மேசையின் பட்டியலில் இருந்து இந்தமுறை நீதிமன்றம் அவரை நியமித்திருந்தது.

"நாளைக்கு நான் உங்கடை பக்கம் இல்லை, அவன்ரை பக்கமும் இல்லை. சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். சரியோ?" என்றார் வதனியிடம்.

"ஓம் அக்கா" என்றாள் வதனி. அவள் முகம் தெளியவில்லை.

நீதிமன்றம் வதனியின் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. எட்டரைக்கே போய்விட்டோம். அடையாள அட்டை காட்டவேண்டும், பையைக் கருவிக்குள் அனுப்பவேண்டும். பார்வையாளர் இருக்கலாம், படம் எடுக்க முடியாது. ஒன்பது மணி என்று போட்டிருந்த வழக்கு பதினொன்று இருபதுக்குத்தான் கூப்பிடப்பட்டது. தண்ணீர் கொண்டு போங்கள்.

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. சுகந்தி தமிழில் சொன்னதையும், பிறகு விளக்கியதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

நீதிபதி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். சுகந்தி சத்தியம் செய்தார். வதனி நடந்ததைச் சொன்னாள், எதிரே இருந்தவனைக் காட்டினாள். பிறகு அவனுடைய சட்டத்தரணி எழுந்து, சம்பவம் நடந்த அன்று ஆசுப்பத்திரியில் வைத்து எடுத்த வாக்குமூலத்தை எடுத்தார். அன்றைக்கு யாரோ ஒருவர் தொலைபேசி வழியாக மொழிபெயர்த்திருக்கிறார். மணிக்கட்டு வலியில் வதனி இடது கையால் கையெழுத்து வைத்திருக்கிறாள். யாரும் அவளுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டவில்லை.

அதில் ஒரு வரி இருந்தது: 'அவனுடைய முகம் அழகாக இருந்ததைப் பார்த்தேன்.'

சட்டத்தரணி தன் கட்சிக்காரனை எழுந்து நிற்கச் சொன்னார். மூக்கு ஒருபக்கம் வளைந்திருந்தது. கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. முன்பல் ஒன்று இல்லை. "அழகன் ஒருவனைத் தேடுங்கள், கனம் நீதிபதி அவர்களே. இவர் அவரில்லை" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கே சிரிப்பு வந்தது.

சுகந்தி அதை வதனிக்குத் தமிழில் சொன்னார். வதனி திகைத்துப்போனாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை! அவன்ரை முகத்தை வடிவாப் பாத்தனான் எண்டுதான் சொன்னனான்!"

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் இலங்கைத் தமிழில் 'வடிவாப் பாத்தன்' என்றால் நன்றாக, தெளிவாகப் பார்த்தேன் என்று அர்த்தம். தொலைபேசியில் கேட்டவர் வேறு ஊர்த் தமிழர் போல, அழகு என்று எடுத்துவிட்டார்.

சுகந்தி அனுமதி கேட்டு அதை விளக்கினார். நீதிபதி கேட்டார்: "அப்படியானால் அழகு என்பதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

சுகந்தி, "அதற்கும் வடிவு என்றுதான் சொல்வோம்" என்றார்.

சட்டத்தரணி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எனக்குச் சுகந்தியின் மேல் கோபமே வந்தது. கொஞ்சம் மழுப்பியிருந்தால் என்ன? முகத்தோடு சேர்த்துச் சொன்னால் அழகு, பார்த்தேன் என்பதோடு சேர்த்துச் சொன்னால் நன்றாக, என்று சுகந்தி பொறுமையாக விளக்கினார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு வழக்கோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டார்: "இன்று காலை வீட்டுக் கதவை நன்றாகப் பூட்டினீர்களா என்று சாட்சியிடம் கேளுங்கள்."

சுகந்தி திரும்பி, 'வடிவு' வராமல் சொல்லைத் தெரிந்தெடுத்துக் கேட்டார்: "இண்டைக்குக் காலமை வீட்டுக் கதவைச் சரியாப் பூட்டினீங்களோ?"

வதனிக்கு ஏன் கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. "ஓம், வடிவாப் பூட்டிப்போட்டுத்தானே வந்தனான்" என்றாள்.

சுகந்தி மொழிபெயர்க்கும் முன்பே நீதிபதி நிமிர்ந்துவிட்டார். தமிழே தெரியாத அவரது காதில் அந்தச் சொல் விழுந்துவிட்டது. அந்தக் கூண்டில் நின்றவள் கதவின் அழகைப் பற்றிப் பேசவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். குற்றவாளி. வதனி என் கையைப் பிடித்தபடி எழுந்தாள். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏனடி அழுறாய்? வெண்டிட்டாய்தானே?"

"அதுக்கில்லை அக்கா. இஞ்சை வந்து பதின்மூண்டு வருசம். நான் சொன்னது சொன்னமாதிரி மற்றப்பக்கம் போனது இண்டைக்குத்தான்."

சுகந்தி அருகில் நின்று சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு அவருக்கு இன்னொரு கட்டடத்தில் படி கழுவ வேண்டியிருந்தது. நான் கோபப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அதை மறைச்சிருந்தால், பிறகு நான் சொல்லுற ஒண்டையும் அவை நம்பமாட்டினம், அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சனியும் திங்களும் நான் கடற்கரைக்குப் போகவில்லை. சிஞ்ஞோரா மார்த்தாவின் மேசையில் இருந்தேன். அவருடைய விண்ணப்பம் முழுவதும் எண்ணிக்கைகள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிநேரம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னேன். முதல் பக்கத்தில், பெயர்கள் இல்லாமல், ஒரு சொல் தவறாகப் போனதையும் அது எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் மட்டும் எழுதினோம். அவர் இத்தாலிய மொழியில் எழுத, நான் ஆங்கிலத்தில் வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தேன். திங்கள் மதியம் அனுப்பினோம்.

இடையில் வந்த ஞாயிறு, வதனியும் நானும் 812 இலக்க பஸ்ஸில் மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு ஏறினோம். பலெர்மோத் தமிழர் பலர் ஞாயிறுகளில் அந்த மலைக் குகைக் கோயிலின் புனிதையிடம் போவார்கள். நெற்றியில் திருநீற்றோடும் போவார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள், நாங்கள் ஐம்பது நிமிடம் காத்து நின்றோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பையை வீதிப் பக்கம் மாட்டாதீர்கள், சுவர்ப் பக்கம் தொங்கும்படி குறுக்காக மாட்டுங்கள். பெர்மெஸ்ஸோவின் பிரதியை மட்டும் கொண்டு திரியுங்கள். ஏதாவது நடந்தால் முறைப்பாடு கொடுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் என்று மட்டும் சொல்லாமல், இலங்கைத் தமிழ் என்று சொல்லுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள், கை எவ்வளவு வலித்தாலும்.

எங்கள் கவுண்டியின் திட்டத்துக்கு இந்தமுறை மாநில நிதியைக் கேட்டு எழுதுகிறேன். முதல் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

பலெர்மோவிலிருந்து போன கிழமை செய்தி வந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, ஆனால் உதவி மேசை இன்னும் ஒரு வருடம் திறந்திருக்கும். செவ்வாயும் வியாழனும், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை. இரண்டாம் மாடி, மின்தூக்கி இல்லை. சுகந்தி அங்கே இருப்பார். உங்கள் தமிழிலேயே கதைக்கலாம்.