பிரேக் போட்டது நான் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை நத்தம் சாலையில் இரண்டு உயிர் தப்பியது. காப்பாற்றியவன் நான்தான் என்று நாகல் நகரில் நாலைந்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். அதுதான் சிக்கலே...

நான் ஆக்டிங் டிரைவர். கார் வாங்கிவிட்டு ஓட்டத் தெரியாமல் இருப்பவர்கள் கூப்பிட்டால், போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். என்னை அதிகம் கூப்பிடுவது ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதால் அவருக்கு என்னைப் பிடிக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அவருடைய மகன் பெங்களூரில் இருக்கிறார். பழைய காரை விற்றுவிட்டு அம்மாவுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தார். குறுக்கே எது வந்தாலும் தானாக பிரேக் போடும் கார். இன்னும் சில வருடத்தில் டிரைவரே வேண்டாம், அப்புறம் சொந்தக் காரே வேண்டாம், போனில் கூப்பிட்டால் ஆளில்லாத கார் வாசலில் வந்து நிற்கும் என்று என் முன்னாலேயே அம்மாவிடம் சொன்னார். நான் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

ஞாயிறன்று நத்தத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு டீச்சர் கிளம்பினார். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஒரு நொடி — ஒரே நொடி — கண்ணாடியில் அதைப் பார்த்தேன். அதற்குள் மாந்தோப்புப் பாதையிலிருந்து ஒரு மொபெட் சாலையில் ஏறிவிட்டது. ஒரு பெரியவர், பின்னால் அவர் மனைவி, நடுவில் மாங்காய்க் கூடை.

என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் தானாக நின்றது. ஒரு முழம்தான் இடைவெளி. பஸ் ஒதுங்கிப் போய்விட்டது. மிரண்டுபோன மொபெட் சாய்ந்து, மாங்காய் சாலை முழுக்க உருண்டது. யாருக்கும் அடியில்லை.

இறங்கினேன். மொபெட்டில் வந்த அம்மா ஆரம்பித்தார்.

"ஏய்யா, காரு வாங்குனா ரோட்டையும் சேத்து வாங்கிட்டியா? கண்ணு பொடதியிலயா இருக்கு?"

கார் என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே வாய் வரும்? குனிந்து மாங்காய் பொறுக்கினேன். அவர் கணவரும் என் பக்கத்தில் சத்தமில்லாமல் பொறுக்கினார். அவரும் என் கட்சி போலிருக்கிறது. கூடை நிறையும்வரை வசவு நிற்கவில்லை. கடைசியில் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, பாத்துப் போ அப்பு" என்றார்.

நத்தம் போய்ச் சேர்வதற்குள் டீச்சர் மூன்று பேருக்கு போன் போட்டுவிட்டார். தம்பி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரே பாராட்டு. அதைக் கேட்டு, புதிதாக இரண்டு வீடுகளிலிருந்து என்னை வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள்.

மூன்று நாள் இதே யோசனைதான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மகன் சொன்னது சரிதான் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் டீச்சர் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்?

புதன்கிழமை டீச்சர் வீட்டு வாசல் கேட் பக்கம் போய் நின்றேன். நான் தானாக வந்து நிற்பதே அதிசயம். என்னவென்று கேட்டார். பிரேக் போட்டது நான் இல்லை, கார்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. செவப்பு லைட்டு எனக்கும்தான தெரிஞ்சுச்சு?"

அப்புறம் ஏன் என்னைப் பாராட்டினீர்கள் என்று கேட்க நினைத்தேன். பாதிதான் வந்தது.

"எறங்கி அம்புட்டு வசவையும் வாங்குனது யாரு? காரு ஏசியப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. நானும் உள்ளதேன் உக்காந்திருந்தேன்" என்றவர், அடுத்த வெள்ளிக்கிழமை பழனி போகணும், காலையில் ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஓட்டுகிறவரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை என்றால் அந்த அம்மா யாரைத் திட்டுவார்? கார் கம்பெனிக்கு போன் போட்டு, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று குரல் வந்தால் மனசு ஆறுமா? மாங்காயை யார் பொறுக்குவது?

அந்த பிரேக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் இன்றைக்கு இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. ஆளில்லாத கார் வரட்டும், என்னைவிட நன்றாகவே ஓட்டட்டும்.

இறங்கி நிற்க ஒரு ஆள் வேண்டுமென்றால் மட்டும் சொல்லி அனுப்புங்கள் — நாகல் நகரில்தான் இருக்கிறேன்.