பத்து மணிக் கேட்

எங்கள் தோட்டத்தில் என்னை வாய்க்காரி என்பார்கள். நான் மறுத்ததில்லை. அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால் என் மூத்த மகள் என்ன ஆகியிருப்பாளோ!

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்துவிட்டார்கள். எங்கள் லயத்துக்கு ஒரே கேட். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, சோதனை முடிந்து வெளியே போனால், வேலை முடிந்த பிறகுதான் உள்ளே வரலாம்; வந்துவிட்டால் மறுநாள் விடியும்வரை வெளியே போக முடியாது. கைக்குழந்தைக்காரிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. மரம் சீவி முடித்தபின் ரப்பர்ப் பால் வடியக் காத்திருப்போமே, அந்த நேரத்தில், காலை பத்து மணிக்கு, கேட்டைத் திறந்துவிடுவார்கள். ஆயாக்கொட்டகையில் விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுவோம். பதினான்கு பேர் இருந்தோம். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

ஒரு நாள் பத்து மணிக்குக் கேட் திறக்கவில்லை. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் கையை விரித்தார். அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் திறந்தது. ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, புக்கிட் பெலிம்பிங் போகும் பாதையில் இருந்த கள்ளுக்கடைக்குக் கிளம்பினார்கள். கம்பி அடித்த நாளிலிருந்து அந்தக் கடை வாசனையே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் தீபாவளி.

"கவுருமெண்டு உத்தரவு. நாம என்ன செய்ய முடியும்?" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் எங்கள் தொழிலாளர் கமிட்டித் தலைவர். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதுதான் எங்கள் அப்பா காலத்து வழக்கம். முதன்முதலில் இறங்காமல் மிதித்துக்கொண்டே போனவர் அவர்தான். துரை மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. நான்காம் நாள் தோட்டத்தில் ஒருவரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அப்படிப்பட்டவர் வார்த்தையை நாங்கள் சந்தேகப்படுவோமா? என் வீட்டுக்காரர் அவருடைய வலதுகை. நானும் அவரை வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன்.

என் மகள் டின்பாலைத் தொடவில்லை. ஆயா கரண்டியில் ஊட்டினால் துப்பினாள்; நான் வேலை முடிந்து வரும்வரை பட்டினி கிடந்தாள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது மார் கட்டி, ரவிக்கை நனைந்து, அவமானத்திலும் வலியிலும் நான் அழுதிருக்கிறேன். ஒரு வாரத்தில் பிள்ளையின் தொடையில் தோல் தொங்கியது. அழுகைச் சத்தமே குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சினேன். "ஐயா, நீங்களாவது துரைகிட்ட சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதுக்கும்மா துரைகிட்ட? காவலுக்கு ஆள் பத்தல, ஒரு நாளைக்கு ஒரு தடவதான் கூடுதலா கேட் தொறக்க முடியும், பத்தா நாலான்னு துரை கேட்டாரு. நாலு மணின்னு கையெழுத்துப் போட்டது ஒங்க தலைவருதான்லா."

என் காதை நானே நம்பவில்லை. வீட்டில் கேட்டபோது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! "அவரு செஞ்சா காரணம் இருக்கும்டி. நேரம் சரியில்ல, வாய மூடிக்கிட்டு இரு" என்றார். பெற்ற மகள் மடியில் வாடிக்கிடக்கிறாள், இவர் காரணம் பேசுகிறார். அன்று நான் அவருக்குச் சோறு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் கூட்டம். நாலு மணிக் கேட்டை வாங்கித் தந்ததற்காகத் தலைவருக்கு மாலை போட ஏற்பாடு. கவுருமெண்டு உத்தரவு என்று எங்களிடம் சொன்னதை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள் பாருங்கள்! பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணே, பத்து மணியா நாலு மணியான்னு துரை கேட்டப்ப, நாலுன்னு சொன்னது நீங்களா?"

"ஏய், ஒக்காரு!" என்று பல குரல். ஒருவர், "நம்ம தலைவர நாமளே கேட்டா துரை சிரிப்பான்" என்றார். இன்னொருவர் என் வீட்டுக்காரரிடம், "ஒன் பொஞ்சாதிய அடக்கு" என்றார். அவர் அசையவில்லை. அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

தலைவர் கையமர்த்தினார். "தங்கச்சி, பல வெசயத்த யோசிச்சுத்தான் முடிவு செஞ்சோம். இந்த நேரத்துல நமக்கு ஒத்துமைதான் முக்கியம்."

"ஒத்துமைன்னா நீங்க குடிக்கப் போகணும், எங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "துரையப் பாத்து நீங்க சைக்கிள விட்டு எறங்கல. அதனாலதான் ஒங்களத் தலைவருன்னோம். இப்ப ஒங்களப் பாத்து நாங்க எறங்கணுமா?"

பிறகு என் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். அவள் பிள்ளையும் என் பிள்ளை மாதிரிதான் காய்ந்து கிடந்தது. அடுத்து ஒருத்தி. பதினான்கு பேரும் எழுந்தோம். அதற்குப் பிறகு எழுந்தவர்களுக்குக் கைக்குழந்தையே கிடையாது. கடைசியில் ஆயா எழுந்து, "கள்ளு இல்லாம எவனும் செத்ததில்ல" என்றாள். ஆண்கள் பக்கத்திலேயே சிலர் சிரித்துவிட்டார்கள்.

தலைவர் முகம் கறுத்துவிட்டது. "நான்தான் சொன்னேன்" என்றார் கடைசியில். "ஆம்பளைங்க முணுமுணுப்புதான் என் காதுல விழுந்துச்சு. ஒங்க நெனப்பு வரல. உத்தரவுன்னு சொன்னதும் பொய்தான்."

"எப்ப மாத்துவீங்க?"

"பேசிப் பாக்கறேன்."

"எப்ப அண்ணே?"

"நாளைக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கேட் திறந்தது. பதினான்கு பேரும் வாளியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினோம். என் மகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள், விடவே இல்லை! நான் சிரித்தேன், அழுதேன், பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டேன். என் ஆயுளில் எத்தனையோ நல்ல நாள் பார்த்துவிட்டேன். அந்த நாளுக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

ஆண்கள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வருடக் கடைசியில் தலைவர் தேர்வு வந்தது. அவரே மறுபடியும் நின்றார். "வேண்டியவங்க கையத் தூக்குங்க" என்றார்கள். நானும் தூக்கினேன். துரைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க அவரை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. தப்பைச் சபையில் ஒத்துக்கொண்டவரும் அவர்தான். எண்ணி முடித்து எல்லோரும் கையை இறக்கினார்கள். என் கை இறங்கவில்லை.

"அதான் ஜெயிச்சுட்டேனே, இன்னும் என்ன தங்கச்சி?" என்றார்.

"கமிட்டியில அத்தன பேரும் ஆம்பளைங்களாவே இருக்கீங்களே, அது எப்படி அண்ணே?" என்று கேட்டேன்.