நிப்லாவின் ‘ஓம்’

தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டதாகக் கணவன் முனீப் சொன்னால், நிப்லா எழுந்துபோய் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். “நிப்பாட்டிட்டீங்களா, நிப்பாட்டப் போறீங்களா?” என்று ஒரு கேள்வி வேறு. பாதி நாள் அவள் சந்தேகமே சரியாகிவிடுவதால் முனீப்பும் கோபிப்பதில்லை.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் பாலம் கடந்து வந்து, துறைமுகத்தைப் பார்த்த மாடியறை ஒன்றில் அவள் செய்யும் உத்தியோகமும் இதேதான். கணினிக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றைச் சோதிக்கிறாள். டென்சர் எனப்படும் எண் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் அது. கூட்டு என்றால் உடனே கூட்டாது. மனதில் போட்டுவைத்து, விடையைக் கேட்கும்போதுதான் கூட்டும். “எங்கட வீட்டு ஆளைப் போலத்தான். எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லும், போய் நிண்டு கேட்டாத்தான் எழும்பும்” என்பாள் நிப்லா. அந்தச் சோம்பேறித்தனத்தின் மீது அவளுக்குக் கொள்ளை ஆசை.

போன வாரம் அவளிடம் வந்தது டிலானின் வேலை. வேலைக்குச் சேர்ந்தபின் அவன் தனியாகச் செய்த முதல் பகுதி. புதிய அட்டவணை போடாமல், இருக்கிற அட்டவணையிலேயே ஒரு கட்டத்தை மாற்றி எழுதும் வசதி. மறுநாள் புதிய பதிப்பு வெளியாக இருந்தது. நிப்லா ஓம் என்றால் அவன் பகுதியும் அதில் சேரும், இல்லாவிட்டால் கழற்றிவிடுவார்கள்.

நிப்லா மென்பொருளைக் கூட்டச் சொன்னாள். விடையைக் கேட்காமல் ஒரு கட்டத்தை மாற்றினாள். பிறகு கேட்டாள். மாற்றுமுன்பே கூட்டச் சொன்னதால் பழைய எண்களைக் கூட்டியிருக்க வேண்டியது, மாற்றிய எண்ணைச் சேர்த்துக் கூட்டிவைத்திருந்தது.

“என்ர மெசின்ல சரியாத்தானே வருது, அக்கா” என்றான் டிலான்.

அவன் திரையைப் போய்ப் பார்த்தாள். “இடையில விடையை எடுத்துப் பார்த்திருக்கிறீங்க, டிலான். நீங்க பார்த்த உடனேயே அது கூட்டி முடிச்சிட்டுது. அதுக்குப் பிறகு எதை மாத்தினா என்ன?”

டிலானின் முகம் வாடிவிட்டது. “இந்த ஒருக்கா ஓம் எண்டு விடுங்கோ. அடுத்த மாசம் திருத்திறன்.”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் “ஏலாது” என்றாள். சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லையென்று தன் கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

பொழுது சாயும்போது வழி பிடிபட்டது. கட்டத்தை மாற்றுமுன் பழைய எண்களுக்கு ஒரு நகல் எடுக்கச் சொல்லும் ஒற்றை வரி. சோதனையை ஓட்டினார்கள், சரியென்று பச்சை விழுந்தது. டிலான் பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

நிப்லா அந்த வரியை அழித்தாள்.

“ஐயோ, அக்கா, என்ன செய்யிறீங்கள்?”

“இது இல்லாட்டிப் பிழை வருதோ எண்டு பார்க்க வேணாமா?”

மறுபடி ஓட்டினாள். பழைய பிழை வந்து திரை சிவந்தது; பச்சை விழவைத்தது அந்த வரிதான். அன்று முழுவதும் இறுகியிருந்த அவள் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அழித்த வரியை அவனே திரும்ப எழுதட்டும் என்று கீபோர்டை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.