பித்தளைக் குடத்து நல்ல தண்ணீர்

போர்வெல் தண்ணீரில் குளித்தெழுந்தால் தலைமயிர் தென்னந்துடைப்பம்போல விறைத்துக்கொள்ளும், சோப்பு நுரைக்காது, உதட்டை நக்கினால் கரிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தது இந்த "உப்புத் தண்ணி"யில்தான். லாரியில் வரும் "நல்ல தண்ணி" குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நல்லது பித்தளைக் குடத்தில், உப்பு பிளாஸ்டிக் குடத்தில் என்பது எங்கள் வரிசையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

திருவள்ளூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. அந்த வாரம் லாரி வரவே இல்லை. காபிக்கென்று அம்மா ஒரே ஒரு குடத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பின்பக்கம் போன மாப்பிள்ளையின் அம்மா, பளபளவென்றிருந்த அந்தக் குடத்தையே சாய்த்து, நிதானமாகக் கால் கழுவினார். உள்ளே நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காபித் தட்டோடு வர வேண்டிய அக்கா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"காபிக்கு வெச்சிருந்த தண்ணிலதான் கால் கழுவினீங்க அத்தை. உப்புத் தண்ணி ஊத்துனா பால் திரிஞ்சிடும். பாலு மட்டும் கீது, குடிக்கிறீங்களா?"

மதுரைக்காரியான அம்மாவுக்கு, பெண் சொன்ன சேதியைவிட அந்த மெட்ராஸ் "கீது"தான் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர்கள் பாலைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி" என்று அம்மா அந்த வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்துத் திட்டினாள். அக்கா சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

மறு ஞாயிறு மாப்பிள்ளை மட்டும் வந்தார், இரண்டு கைகளிலும் தண்ணீர்க் கேன்கள், சட்டையெல்லாம் தொப்பல். லோக்கல் ரயிலில் தூக்கிவந்திருக்கிறார்.

"எங்க கிணத்துத் தண்ணிங்க. அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அவரை உட்காரச் சொல்லவும் மறந்து, அம்மா முதலில் கேன்களை வாங்கிக்கொண்டாள்.

இப்போது அக்காவும் மாமாவும் வானகரத்தில் இருக்கிறார்கள். போன் செய்தால் கேன் தண்ணீர் மாடிக்கே வருகிறது. சென்ற மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் நல்ல மனிதர்கள்தான். அக்கா தம்ளர் தம்ளராகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர்களோ ஆளுக்கொரு பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் குடித்தார்கள். பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது. அவர்கள் போனபின், யாரும் தொடாத தம்ளர்களைக் கொட்ட மனமில்லாமல் அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள். ஒன்றை மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.