ரிஜெக்ட் பட்டனும் ஜோலார்பேட்டை முரளியும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். செக்கிங் செய்பவர்கள் பயன்படுத்தும் திரைகள் எங்கள் பொறுப்பு. அவற்றின் அழகைக் கவனிப்பவர் முரளி. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். எவ்வளவு கூட்டத்தில் வந்தாலும் தலைமுடி கலையாது.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்திருந்த நாள். மூன்றாம் லைன் சூப்பர்வைசர் ஷகீலா அக்கா போனில் அழைத்தார்.

"பட்டன் கலரு நல்லாத்தான் இருக்குதும்மா. அமுக்குனாதான் ஒண்ணும் ஆவல."

அது ரிஜெக்ட் பட்டன். அதை அமுக்கினால்தான் குறையுள்ள ஜோடி பேக்கிங்குக்குப் போகாமல் நிற்கும். பையர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா ஷூக்கள் நகரும் பெல்ட்டையே நிறுத்திவிட்டார்.

முரளியைக் கேட்டேன்.

"ஜாவாஸ்கிரிப்ட்ட நான் தொடவே இல்ல மேடம். பட்டனோட கிளாஸ் பேரு மட்டும் மாத்துனேன். பழைய பேரு ஒரு மாதிரியா இருந்துச்சு."

கிளாஸ் என்பது நிறம், அளவு சொல்வதற்காகப் பட்டனுக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான், பட்டனை வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் அதைத் தேடிக்கொண்டிருந்தது. பெயர் மாறியதும், ஆளைக் காணோம் என்று சும்மா இருந்துவிட்டது. பழைய பெயரைப் போட்டோம், பெல்ட் ஓடியது.

அன்று மதியமே முறையை மாற்றினோம். கிளாஸ் இனி அழகுக்கு மட்டும். வேலைக்கு, பட்டனின் ஹெச்டிஎம்எல் டேக்கிலேயே டேட்டா-காம்போனென்ட் என்று ஓர் அட்ரிபியூட், அதாவது அடையாளக் குறிப்பு. பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அந்த அட்ரிபியூட் உள்ள டேக்குகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் அதற்குரிய வேலையைச் செய்யும் காம்போனென்ட்டை மாட்டிவிடும். எந்த லைன் என்று சொல்ல டேட்டா-லைன் என்று இன்னோர் அட்ரிபியூட்; லைன் எண்தான் அதன் மதிப்பு.

முரளிக்கு ஏக சந்தோஷம். ஐந்தாம் லைனுக்குப் புதுத் திரை கேட்டபோது, மூன்றாம் லைன் பட்டனை அப்படியே காப்பி செய்து ஒட்டினார்.

"ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கூட எழுதல மேடம். தானா வேலை செய்யுது."

தானாகத்தான் செய்தது. மறுநாள் ஷகீலா அக்கா மாடியேறி வந்தார்.

"என் லைன்ல மெஷின் ரிப்பேரு. காலைலேர்ந்து ஒரு ஷூ ஓடல. ஓடாத லைன்ல இன்னாப்பா இத்தினி ரிஜெக்ட்டு? மேனேஜரு என்னைத் திட்டிட்டுப் போறாரு."

முரளி டேக்கைத் திறந்து பார்த்தார். ஐந்தாம் லைன் பட்டனில் டேட்டா-லைன் மூன்று என்றே இருந்தது. அங்கே அமுக்கிய ரிஜெக்ட் எல்லாம் மூன்றாம் லைன் கணக்கில் ஏறியிருந்தன. மதிப்பைத் திருத்திவிட்டு, "வாங்கக்கா, நானே சொல்றேன்" என்று அவரை மேனேஜரிடம் அழைத்துப் போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "இன்னா சொன்னாரு?"

"தப்பு யாருதுன்னு காட்ட ஒரு அட்ரிபியூட் போட முடியுமான்னு கேக்குறாரு மேடம்."

புதிதாகச் சேர்பவர்களிடம் இப்போது ஒன்று சொல்கிறேன். காப்பி செய்யுங்கள், தவறில்லை. ஒட்டியபின் எல்லா அட்ரிபியூட்டையும் வாய்விட்டுப் படியுங்கள். நான் சொல்லி முடிப்பதற்குள், "மதிப்பையும் சேத்துப் படிங்க" என்கிறார் முரளி.