நல்ல நாள் பார்த்து அதிகாரியைக் கூப்பிட்டேன்

பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர், ஆயர் ஈத்தாம் பிளாட்டில் பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா. எண்பதுகளின் கடைசி, என் இளையவள் செல்வி ஓயாத மூச்சு இழுப்பால் பள்ளியை விட்டு நின்றிருந்த சமயம். அடுப்படியில் வாத்தியாரான அம்மாமார்களுக்குத் தெரியும், இந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. அக்கா சொன்னது இதுதான்: "பள்ளிக்குப் போகலன்னாலும் சோதனையத் தனியா எழுத விடுறாங்களாம். கல்வி இலாகாவுல போய்க் கேளுலா!"

நாத்தனாரின் கவலை

சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் கணக்கு. காலையில் சாமி கும்பிட்டதும், அன்றைய பாடத்தை அவளுக்கு முந்தி நான் படித்துக்கொள்வேன். நிபோங் திபாலிலிருந்து வந்த நாத்தனார் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணி, நீங்களே அஞ்சாவதுதான். அவ ஆறாவதுக்குப் போயிட்டா நீங்க எங்க போவீங்க?"

கவுண்டரில்

ஆறாம் வகுப்புச் சோதனை எழுதாவிட்டால், உடம்பு தேறினாலும் இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பது கஷ்டம் என்றார்கள். பிறப்புப் பத்திரமும் டாக்டர் கடிதமும் எடுத்துக்கொண்டு இலாகாவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நம் தமிழ்த் தம்பி.

"டீச்சர் யாரு?"

"நான்தான் தம்பி."

தலை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அதிகாரி ஐயா வீட்டுக்கு வந்து, பிள்ளைய வாசிக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் பேரைச் சேர்ப்பாரு. எந்த நாள் தோது, நீங்களே சொல்லுங்கக்கா."

சாமி முன்னால்

சரஸ்வதி பூஜை நாளைச் சொல்லிவிட்டு வந்தேன். கலைமகளே வீட்டில் இருக்கும்போது என்ன பயம்! மலாய்க்கார அதிகாரி வந்து உட்கார்ந்து, புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எல்லாப் புத்தகமும் சாமி படத்தின் முன்னால், பூவும் குங்குமமுமாக அடுக்கியிருந்தது. மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். படிக்காத பிள்ளைக்குச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டால்?

அவர் அந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு, கோப்பி கலக்க நான் திறந்து வைத்திருந்த பால் டின்னை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். அவள் டின்னைச் சுற்றிச் சுற்றி, மலாயில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். ஒரு கோப்பிக்கு இரண்டு கரண்டி என்றால் டின் எத்தனை கோப்பிக்கு வரும் என்று கேட்டார். "அம்மா கலக்குனா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள். அவர் சிரித்தபடியே எழுந்து மலாயில் சொன்னார்: "இந்தப் பிள்ளை சோதனை எழுதட்டும். அடுத்த தடவை, சாமி படித்து முடித்த பிறகு கூப்பிடுங்கள் அம்மா."

அன்று கலைமகள் அந்தப் பால் டின்னில்தான் இருந்தாள் என்று இன்றும் நம்புகிறேன். இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு அதிகாரி வருவதானால், நாள் சொல்லும் முன், அன்று புத்தகம் யார் கையில் இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.